ரொட்டர்டாமில் கட்டும் வரி யாருக்குப் போகிறது?

கேள்வி:
கொழும்பில் ஓர் ஆடை ஏற்றுமதி அலுவலகத்தில் ஆவணங்கள் பார்க்கிறேன். ஒரே சட்டைக்கு ரொட்டர்டாமிலும் ஹம்பர்க்கிலும் சுங்க வரி ஒன்றுதான். வற் வரி மட்டும் நெதர்லாந்தில் 21%, ஜெர்மனியில் 19%. அப்படியானால் அங்கே பொருளாதாரத்தை ஆளுவது பிரசெல்ஸில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியமா, அந்தந்த அரசா?

பதில் 1:
தம்பி, நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். சுங்க வீதம் ஒன்றியத்துடையது. ஆனால் கொள்கலனைத் திறந்து பார்ப்பவர் டச்சு அதிகாரி. வசூலித்ததில் 75% ஒன்றியத்துக்குப் போகும், மீதி 25% வசூல் செலவுக்கென்று நெதர்லாந்திடமே நிற்கும். அரசு இப்போது பொதுச் சட்டத்தை நிறைவேற்றும் கையாகவும் வேலை செய்கிறது.

பதில் 2:
அண்ணா, கையாக மட்டுமா? 2010இல் நம் ஜீ.எஸ்.பி. பிளஸ் என்ற ஐரோப்பிய சுங்க வரிச் சலுகையை நிறுத்தியது உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடும் பேரவை. யோசனை ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணைக்குழுவினுடையது, முடிவு அரசுகளுடையது. 2017இல் திரும்பக் கிடைக்கும் வரை இங்கே எத்தனை தையல் பிள்ளைகள் வேலை போய்விடுமோ என்று பயந்தார்கள்! அதனால்தான் இதை விளங்கிக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

பதில் 1:
சரி, ஒத்துக்கொள்கிறேன். யூரோ நாடுகளிலும் அப்படித்தான்: வட்டி வீதம் பிராங்க்ஃபர்ட்டில் உள்ள ஐரோப்பிய மத்திய வங்கியில், வரவு செலவுத் திட்டம் சொந்த நாடாளுமன்றத்தில். பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3%ஐத் தாண்டினால் ஆணைக்குழு கேள்வி கேட்கும்.