மிதவைக் காற்றாலை ஏன் கவிழ்வதில்லை?

கேள்வி: நெய்தல்நிலவன்

வணக்கம். இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் கரையிலிருந்து சுமார் 25 கி.மீ. தொலைவில், ஏறத்தாழ 100 மீட்டர் ஆழக் கடலில், 2017 முதல் மின்சாரம் தந்துவரும் ஹைவிண்ட் ஸ்காட்லாந்து காற்றாலைகளைப் பற்றிக் கருத்தரங்கக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 154 மீட்டர் விட்டமுள்ள சுழலியைத் தாங்கும் கோபுரம் அங்கே கடலடியில் ஊன்றப்படவில்லை. மூன்று நங்கூரச் சங்கிலிகளோடு மிதந்துகொண்டிருக்கிறது. காற்று அதன் தலையைத் தள்ளும்போது கவிழாமல் பிடித்து வைத்திருப்பவை அந்தச் சங்கிலிகள்தானா? அப்படியானால் ஒன்று அறுந்தாலும் ஆபத்தல்லவா? மேலும், ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றில் ஆராய்ச்சிக்கு இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது?

பதில் 1: கரையோரன்

சங்கிலிகளின் வேலை அது அடித்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே. நிமிர்ந்து நிற்பது அதன் சொந்தத் திறமை. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை நினைத்துக்கொள்ளுங்கள். கடல் மட்டத்துக்குக் கீழே 78 மீட்டர் நீளும் எஃகு உருளையின் அடியில் கனமான தாதுவை நிரப்பியிருக்கிறார்கள். எவ்வளவு தள்ளினாலும் அடிப்பாரம் அதை மீண்டும் நிமிர்த்திவிடும்.

பதில் 2: அலைமானி

பொம்மை உவமை நல்லதுதான். ஆனால் கட்டுரையில் அப்படியே எழுதிவிடாதீர்கள். பொம்மை நிமிர்வதில் அதன் உருண்ட அடிப்பகுதி தரையைத் தொடும் இடத்துக்குப் பங்குண்டு. மிதவைக்குத் தரையே கிடையாது. நீர் அதை மேலே தூக்கும் மிதப்பு மையத்துக்குக் கீழே அதன் புவியீர்ப்பு மையம் இருப்பதால்தான், சாயும்போது இரண்டும் சேர்ந்து அதைத் திருப்பி நிமிர்த்துகின்றன. எல்லா மிதவைகளும் இந்த வழியை நம்புவதில்லை. போர்த்துக்கல்லின் வியானா டோ காஸ்டெலோ கரைக்கு அப்பால் நிற்கும் விண்ட்ஃப்ளோட் அட்லாண்டிக், ஒன்றுக்கொன்று விலகிய மூன்று தூண்களின் மேல் நிற்பது. அது கட்டுமரம் போல, நீர்மட்டத்தில் அகலமாகப் பரந்திருப்பதால் நிலைகொள்கிறது.

ஆராய்ச்சிக்கு என்ன மிச்சம் என்ற கேள்விக்கு வருகிறேன். கவிழாமல் நிறுத்துவதைவிடக் கடினமானது ஆடாமல் நிறுத்துவது. அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் 2009இல் பொதுவில் வெளியிட்ட, கணினிக் கணக்குகளுக்கான 5 மெகாவாட் மாதிரிக் காற்றாலையை எடுத்துக்கொள்வோம். காற்று வினாடிக்கு 11.4 மீட்டர் வேகத்தை எட்டும்போது அது தன் முழுத் திறனுக்கு வருகிறது. அப்போது சுழலியின் மேல் விழும் தள்ளுவிசை ஏறத்தாழ 80 டன் எடைக்குச் சமம், அதுவும் 90 மீட்டர் உயரத்தில். அதற்கு மேல் காற்று கூடினால், உற்பத்தி வரம்பு மீறாதிருக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு இறகுகளைத் திருப்பிக் காற்றை நழுவ விடுகிறது. ஆகவே காற்று கூடக் கூடத் தள்ளுவிசை குறைகிறது. தரையில் நிற்கும் காற்றாலைக்கு இது நல்லதே.

கடலில்தான் இது சிக்கலாகிறது. மிதவை காற்றை எதிர்த்து முன்னால் சாயும்போது சுழலிக்குக் காற்று கூடியதாகத் தோன்றுகிறது; கட்டுப்பாட்டு அமைப்பு உடனே இறகுகளைத் திருப்புகிறது; தடுத்திருக்க வேண்டிய தள்ளுவிசை குறைந்து, கோபுரம் இன்னும் முன்னால் போகிறது. பின்னால் சாயும்போது காற்று குறைந்ததாகக் கணக்கிட்டு இறகுகளை விரிக்கிறது; தள்ளுவிசை கூடிக் கோபுரத்தை இன்னும் பின்னால் தள்ளுகிறது. ஊஞ்சல் போகும் திசையிலேயே ஒவ்வொரு முறையும் ஒரு தள்ளு தள்ளுவது போலத்தான் இது. காற்றாலையும் மிதவையும் தனித்தனியே குறையற்றவை. சேர்த்து வைத்தால் ஒன்றையொன்று ஆட்டிவிடுகின்றன.

ஹைவிண்ட் வகை மிதவை ஒருமுறை சாய்ந்து நிமிர ஏறக்குறைய 30 வினாடி ஆகும். தரைக் காற்றாலையின் கட்டுப்பாடோ சுமார் 10 வினாடி அளவில் எதிர்வினை செய்வது. எனவே அந்த 5 மெகாவாட் மாதிரியை மிதவையில் ஏற்றியபோது, கட்டுப்பாட்டை வேண்டுமென்றே மிதவையின் ஆட்டத்தைவிட மந்தமாக்கினார்கள். ஆட்டம் அடங்கியது, ஆனால் சுழலியின் வேகமும் மின் உற்பத்தியும் முன்னைவிட ஏறி இறங்கின. இந்த விலையைக் கொடுக்காமல் தப்புவது எப்படி என்பதே இன்றைய ஆய்வு. கோபுரம் அசையும் வேகத்தை அளந்து கட்டுப்பாட்டுக்குத் திருப்பி ஊட்டுவது ஒரு வழி. வந்துகொண்டிருக்கும் காற்றை லேசர் கருவியால் முன்கூட்டியே பார்ப்பது மற்றொன்று.

நெய்தல்நிலவன்

மிக்க நன்றி ஐயா. சங்கிலியைப் பற்றி நான் நினைத்ததே தவறு. இந்த ஆட்டத்தைச் சிறிய மாதிரி செய்து அலைத் தொட்டியில் சோதிக்க முடியாதா? நம் கடலுக்கும் இது வருமா?

பதில் 3: தூத்துக்குடிக்காரர்

நம் கடலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முதலில் பேசப்படும் மன்னார் வளைகுடாப் பகுதிகள் ஆழம் குறைந்தவை. கடலடியில் ஊன்றும் தூணே அங்கே போதும், செலவும் குறைவு. 2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் ஒதுக்கிய திட்டத்தில் தமிழகத்துக்கு 500 மெகாவாட், குஜராத்துக்கு 500 மெகாவாட். மேலும், 78 மீட்டர் மூழ்கும் உருளையை நிமிர்த்தி மேலே காற்றாலையைப் பூட்ட ஹைவிண்டை ஒன்றுசேர்த்த நார்வேக்கு ஆழமான, அலையடங்கிய ஃபியோர்டு (மலைகளுக்கிடையே நிலத்துக்குள் நீளும் கடல்) இருக்கிறது. நம் துறைமுகங்களில் அதற்கு ஆழம் ஏது? இங்கே என்றாவது மிதவை வந்தால் அது போர்த்துக்கல் வகையாகத்தான் இருக்கும்.

பதில் 2 தொடர்ச்சி: அலைமானி

தொட்டியில் சோதிக்கலாம், ஆனால் அங்கே ஒரு முரண்பாடு காத்திருக்கிறது. அளவை 50இல் ஒரு பங்காகக் குறைத்து அலைகளுக்கு ஏற்றபடி வேகத்தைச் சரிசெய்தால், இறகுகளின் மேல் காற்றோட்டத்தை நிர்ணயிக்கும் ரேனால்ட்ஸ் எண் ஏறத்தாழ 350 மடங்கு குறைந்துவிடும். அலை சரியாக இருக்கும், காற்று பொய்யாகிவிடும். அதனால் சில ஆய்வுக்கூடங்களில் சின்னஞ்சிறு இறகுகளையே கழற்றிவிட்டு, கணினி நொடிக்கு நொடி கணக்கிடும் தள்ளுவிசையைக் கம்பிகளாலோ சிறு விசிறியாலோ கோபுரத்தின் தலையில் செலுத்துகிறார்கள். பாதி நிஜம், பாதி கணக்கு. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த உத்தி இது.

உங்களுக்குத் தொட்டி தேவையில்லை. காற்றாலையின் அசைவைக் கணினியில் கணக்கிடும் ஓபன்ஃபாஸ்ட் என்னும் கட்டணமில்லா மென்பொருளையும் அந்த 5 மெகாவாட் மாதிரியையும் இறக்கிக்கொள்ளுங்கள். வினாடிக்கு 16 மீட்டர் காற்றில், முதலில் தரைக் கட்டுப்பாட்டோடும் பிறகு மந்தமாக்கிய கட்டுப்பாட்டோடும் ஓட்டி, மிதவையின் சாய்வுக் கோணத்தை ஒரே வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். வரைபடம் கிடைத்ததும் இங்கே பதியுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.