புதுப்பிப்பு: வயிற்றில் வாய் வைத்த உருவம்

கம்பிக் கூட்டின் மேல் காகிதக் களிமண் அப்பிச் செய்யும் கோர உருவங்கள் காயும்போது ஏன் வெடிக்கின்றன என்று முன்பு கேட்டிருந்தேன். களிமண் காயக் காயச் சுருங்கும், கம்பி சுருங்காது. இழுபறியில் வெடிப்பு விழுகிறது. இப்போது கம்பியில் அலுமினியத் தாளை இறுக்கிச் சுற்றி, பாலிமர் களிமண்ணை (சூட்டில் இறுகும் பிளாஸ்டிக் களிமண்) மெல்லிதாகப் பூசி, சுமார் 130 பாகை செல்சியஸில் சுடுகிறேன். வெடிப்பு நின்றுவிட்டது.

“இந்த அருவருப்பை வெள்ளவத்தையில் யார் வாங்குவார்?” என்று கேட்ட அண்ணாவுக்கு: கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில், நோய் தீர்க்கும் சிங்களச் சடங்கில் அணியும் சன்னி முகமூடிகளைப் பாருங்கள். அவை காட்டும் நோய்ப் பேய்கள் 18. கோணிய வாய், பிதுங்கிய கண். அவற்றின் முன் என்னுடையது பரம சாது!

வயிற்று வாயின் பற்களில்தான் இன்னும் எச்சில் ஈரம் தெரியவில்லை. அடுத்து எபொக்சி (காய்ந்தும் பளபளக்கும் பிசின்) பூசிப் பார்க்கிறேன்.