டெர்மினலில் நுழைய முடிகிறது, மெட்டாபேஸில் மட்டும் போஸ்ட்கிரெஸ் இணைய மறுக்கிறது

மண்டிக்கணக்கு:
வணக்கம். மாமா மதுரை மாட்டுத்தாவணியில் பூ மண்டி வைத்திருக்கிறார். பில் போடும் மென்பொருள் நான் எழுதிக் கொடுத்தது. தரவெல்லாம் கடையில் இருக்கும் பழைய உபுண்டு (லினக்ஸ்) கணினியில், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில். மல்லி வரத்து எத்தனை கிலோ, என்ன விலைக்குப் போனது என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று அதே கணினியில், மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கர் வழியாக, டேட்டாபேஸில் உள்ளதை அறிக்கையாகக் காட்டும் மெட்டாபேஸ் ஏற்றினேன். 3000வது போர்ட்டில் பக்கம் அழகாக வருகிறது. டேட்டாபேஸைச் சேர்க்கும் இடத்தில் லோக்கல்ஹோஸ்ட் (இதே கணினி), போஸ்ட்கிரெஸின் போர்ட் 5432 என்று கொடுத்தால் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு'. அதே யூசர், அதே பாஸ்வேர்டில் டெர்மினல் வழியாக நுழைய முடிகிறது. பாஸ்வேர்டை மூன்று முறை மாற்றியும் பார்த்தாயிற்று. இரண்டு ராத்திரி போச்சு.

பெட்டிக்குள்பெட்டி:
பாஸ்வேர்டை விடுங்கள். ரெஃப்யூஸ்டு என்றால் பாஸ்வேர்டு கேட்கும் இடம் வரைக்கும் நீங்கள் போகவே இல்லை. டாக்கர் மெட்டாபேஸை ஓட்டும் அந்தத் தனிப் பெட்டிதான் கன்டெய்னர். அதற்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னரேதான். அங்கே 5432இல் யாரும் இல்லை.

ஹோஸ்ட் என்ற இடத்தில், கன்டெய்னருக்கு வெளியே இருக்கும் கணினியைக் குறிக்கும் 'ஹோஸ்ட் டாட் டாக்கர் டாட் இன்டர்னல்' என்ற பெயரைக் கொடுங்கள். டாக்கர் டெஸ்க்டாப்பில் அந்தப் பெயர் தானாகவே வேலை செய்யும். வெறும் லினக்ஸில் கன்டெய்னரைத் தொடங்கும்போதே ஆட்-ஹோஸ்ட் ஆப்ஷனில் அந்தப் பெயரை ஹோஸ்ட்-கேட்வேக்குக் காட்ட வேண்டும், டாக்கர் 20.10இலிருந்து இந்த வசதி உண்டு. அப்புறம் போஸ்ட்கிரெஸ், நாமாக மாற்றாதவரை, லோக்கல்ஹோஸ்டில் மட்டும்தான் காது கொடுக்கும். போஸ்ட்கிரெஸ் கான்ஃபிக் கோப்பின் லிசன் அட்ரஸஸ் வரியில் நட்சத்திரக்குறி போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள், ரீலோடு போதாது. ரவுட்டரில் 5432ஐ வெளியே திறந்துவிடாதீர்கள். கடைசியாக, யார் எங்கிருந்து நுழையலாம் என்று சொல்லும் எச்.பி.ஏ. கோப்பில், கன்டெய்னர்களின் முகவரி வரம்பான 172.17.0.0/16க்கு அனுமதி தரும் ஒரு வரி. அதற்கு ரீலோடு போதும்.

மண்டிக்கணக்கு:
நன்றி அண்ணா. உடனே வரவில்லை, ஆனால் பிழை மாறியது: 172.17.0.2க்கு எச்.பி.ஏ.வில் என்ட்ரி இல்லையாம். போய்ப் பார்த்தால் 172க்குப் பதில் 127 என்று அடித்திருக்கிறேன். திருத்தியதும் பச்சை டிக் வந்துவிட்டது.

இதற்கிடையில் ஒரு கூத்து. ஆட்-ஹோஸ்ட் கொடுக்கப் பழைய கன்டெய்னரை அழித்தேன் இல்லையா, அதோடு அட்மின் கணக்கும் போய், மறுபடி முதலிலிருந்து பெயர் கேட்டது. மெட்டாபேஸ் தன் சொந்த விவரங்களை எச்2 என்ற சின்ன டேட்டாபேஸ் கோப்பாகக் கன்டெய்னருக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறது. நல்லவேளை, டாஷ்போர்டு எதுவும் போட்டிருக்கவில்லை. இப்போது, கன்டெய்னரை அழித்தாலும் அழியாத சேமிப்பிடமான வால்யூம் கொடுத்துவிட்டேன்.

ஆனால் கணக்கு இடிக்கிறது. சிட்டைப்படி சனிக்கிழமை மல்லி 214 கிலோ. மெட்டாபேஸ் 61 என்கிறது. மீதி எல்லாம் வெள்ளிக்கிழமையில் உட்கார்ந்திருக்கிறது. மாமா சிட்டைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறார்.

பழையடிபிஏ:
தம்பி, உங்களுக்கு வியாபாரம் எத்தனை மணிக்கு?

மண்டிக்கணக்கு:
மூன்றிலிருந்தே ஆரம்பிக்கும் சார். ஆறு, ஏழுக்கெல்லாம் பெரும்பாலும் முடிந்துவிடும்.

பழையடிபிஏ:
அதுதான். யூ.டி.சி. நேரத்தில், அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரத்தில் எழுதுகிறீர்கள். காலை 5:30க்கு முன் போட்ட பில் எல்லாம் அங்கே முந்தைய நாள். துணிக்கடைக்காரர் என்றால் வருஷக்கணக்கில் இது கண்ணிலேயே பட்டிருக்காது. பூக்காரர் என்பதால் முதல் நாளே மாட்டிக்கொண்டது.

டேபிளில் பில் நேரம் பதியும் பத்தி டைம்சோன் உள்ள வகை என்றால் அட்மின் பக்கத்தில் ரிப்போர்ட் டைம்சோனை ஏசியா/கொல்கத்தா என்று வைத்தால் முடிந்தது. டைம்சோன் இல்லாத வகை என்றால் அந்த செட்டிங் அதைத் தொடாது. எஸ்.க்யூ.எல்.லில் (டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி) 'அட் டைம் சோன்' இரண்டு முறை போட வேண்டும்: முதலாவது இது யூ.டி.சி. என்று சொல்ல, இரண்டாவது கொல்கத்தா நேரமாக்க. ஒன்று மட்டும் போட்டால் தப்பான விடை வரும், பிழைச்செய்தியும் வராது. ஒரு வியூவாக (டேபிள் போலவே பயன்படும், சேமித்து வைத்த கேள்வி) எழுதி வைத்துவிடுங்கள்.

அது சரி, எந்த யூசரில் இணைத்தீர்கள்?

மண்டிக்கணக்கு:
எல்லா உரிமையும் உள்ள 'போஸ்ட்கிரெஸ்' யூசரிலேயேதான் சார்...

பழையடிபிஏ:
நினைத்தேன். மெட்டாபேஸில் எஸ்.க்யூ.எல். எழுதவும் ஒரு பெட்டி இருக்கிறது, ஞாபகம் இருக்கட்டும். அந்த யூசரில் யார் எதை எழுதினாலும் ஓடும், டேபிளை அழிப்பது உட்பட. புதிதாக ஒரு யூசர் உருவாக்கி, அந்த வியூவுக்கு செலக்ட் (படிக்கும்) உரிமை மட்டும் கொடுங்கள். வாடிக்கையாளர் கடன் பாக்கி டேபிள் அதற்குத் தெரியவே வேண்டாம்.

மண்டிக்கணக்கு:
என்னுடையது டைம்சோன் இல்லாத வகை. வியூ எழுதி, புது யூசரில் இணைத்தேன். சனிக்கிழமை 214. மாமா சிட்டைக்கட்டை ரப்பர் பேண்ட் போட்டு உள்ளே வைத்துவிட்டு, "அப்படியே கனகாம்பரத்துக்கும் போட்டுடு" என்கிறார்.