400 மீட்டர் இலக்கு: ஒரு புதுப்பிப்பு

நாற்பதைத் தாண்டியவர் மாஸ்டர்ஸ் நீச்சல் போட்டிக்கு (பெரியவர்களுக்கு வயதுப் பிரிவு வாரியாக நடப்பது) என்ன இலக்கு வைக்கலாம் என்று முன்பு இதே இழையில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பெரிதும் உதவியது, 400 மீட்டர், 200 மீட்டர் இரண்டையும் முழு வேகத்தில் நீந்திக் கணக்குப் போடச் சொன்ன யோசனைதான். முதல் நேரத்திலிருந்து இரண்டாவதைக் கழித்து, இரண்டால் வகுத்தால், நாம் தாக்குப்பிடிக்கக்கூடிய 100 மீட்டர் வேகம் கிடைக்கிறது. எனக்கு 400-க்கு 8:00 நிமிடம், 200-க்கு 3:48. ஆக, நூறு மீட்டருக்கு 2:06. வேளச்சேரி நீச்சல் குளத்தில் இப்போது இந்த வேகத்தில்தான் நூறு நூறாக நீந்துகிறேன், நடுவே கொஞ்சம் ஓய்வு. கடைசி நூறும் முதல் நூறைப் போலவே வர வேண்டும், அதுதான் இலக்கு. பதக்கம் யார் யார் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது; இது முழுக்க என் கையில் இருக்கிறது. அதனாலேயே விடியற்காலையில் எழ மனம் வருகிறது.

அப்புறம், 25 மீட்டர் குளத்து நேரத்தை 50 மீட்டர் குளத்தோடு ஒப்பிடாதீர்கள். சின்னக் குளத்தில் திருப்பங்கள் அதிகம், சுவரை உதைத்துக் கிடைக்கும் வேகமும் அதிகம்.

வயதுப் பிரிவுக்கு, சர்வதேச விதிப்படி, போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31 அன்றைய வயதே கணக்கு. அடுத்த ஆண்டு எனக்கு 45–49 பிரிவு. அதில் 400 ஃப்ரீஸ்டைலை 7:50-க்குள் முடிக்க ஆசை. பொங்கல் முடிந்ததும் மறுபடி சோதித்துவிட்டு எழுதுகிறேன்.