பழைய ஐ3 கணினி: முதலில் எஸ்எஸ்டியா, ரேமா?

கரிசல்காடு:
வீட்டில் இருப்பது ஐ3-4130 பிராசஸர், எச்81 மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. பொத்தானை அமுக்கிவிட்டு டீ குடித்து வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மகள் பிளஸ் டூ படிக்கிறாள், தினமும் இதில்தான் உட்காருகிறாள். கடையில், புதுசு வாங்குங்கள் என்கிறார்கள். இப்போதைக்கு ஒரு பாகம் வாங்கத்தான் காசு இருக்கிறது. எதை வாங்கலாம்? போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 எஸ்எஸ்டி போடலாமா? பவர் சப்ளையில் மிச்ச வயரும் இல்லை.

வைகைக்கரை:
தூக்கிப் போட்டுவிடாதீர்கள் சார், நல்ல கணினி அது. எஸ்எஸ்டிதான் முதலில், அது சிப்பில் சேமிக்கும் டிஸ்க். ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுற்றி, முள் நகர்ந்து ஒவ்வொரு சின்ன ஃபைலாகத் தேட வேண்டும். எஸ்எஸ்டியில் அந்த அலைச்சலே இல்லை. எச்81 போர்டுகளில் பொதுவாக எம்.2 ஸ்லாட் கிடையாது. வயரில் இணைக்கும் 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டியாகக் கேட்டு வாங்குங்கள்.

வயருக்குக் கவலை வேண்டாம். டிவிடி டிரைவ் சும்மாதானே கிடக்கும், அதன் இரண்டு வயரையும் கழற்றி எஸ்எஸ்டிக்குக் கொடுங்கள். ஆனால் போர்டுப் பக்க முனையைப் பாருங்கள். எச்81-இல் நான்கு சாட்டா போர்ட்டுகளில் இரண்டுதான் 6 ஜிபிபிஎஸ் வேகம், மற்ற இரண்டும் 3. எஸ்எஸ்டியை 6-இல் செருகுங்கள். எது எது என்று பக்கத்திலேயே பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். கனெக்டருக்குள் எல் வடிவம் இருக்கும், அதைப் பார்த்துச் செருகுங்கள். திருப்பி வைத்துத் திணித்தால் அந்தப் பிளாஸ்டிக் நாக்கு உடைந்துவிடும், அப்புறம் எஸ்எஸ்டியே வீண்.

பொதிகைச்சாரல்:
கொஞ்சம் பொறுங்கள். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் காட்டினால் மெமரியையும், அதாவது ரேமையும், சேர்த்துப் பாருங்கள். மெமரி 90-ஐத் தாண்டினால், இடம் போதாமல் டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கிறது என்று அர்த்தம். அப்படியென்றால் இன்னொரு 4 ஜிபியும் வேண்டியிருக்கும். லேப்டாப் ரேம் இதில் பொருந்தாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்த ஐ3-ஐ ஏற்காது. விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச லினக்ஸ் மின்ட்டையும் யோசியுங்கள்.

வைகைக்கரை:
சரியான பேச்சு. எதை நிறுவினாலும் அந்த நேரத்தில் பழைய டிஸ்க்கின் வயரைக் கழற்றி வையுங்கள். இல்லாவிட்டால் கணினியை எழுப்பும் பூட் ஃபைல்கள் பழையதிலேயே தங்கிவிடலாம். அது பழுதானால் புதியதும் எழும்பாது.

கரிசல்காடு:
பார்த்துவிட்டேன். மெமரி 62, டிஸ்க் 100. அப்போ எஸ்எஸ்டிதான். ஞாயிற்றுக்கிழமை மூடியைத் திறக்கிறேன். அதற்குள் மகளுடைய ஃபைல்களைப் பென்டிரைவில் எடுத்துவைத்துவிடுகிறேன். இருவருக்கும் மிக்க நன்றி.