மடிக்கணினியில் லினக்ஸ்: இன்றுவரை மனத்தை உறுத்தும் ஒரு வன்பொருள் சிக்கலைப் பகிருங்கள்

வைகைக்கரை

என் தங்கையின் முதுகலை வாய்மொழித் தேர்வு நாளன்று நடந்தது இது. அவளுடைய மடிக்கணினியில் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் பதிப்பைப் போட்டுக் கொடுத்தவனும் நான்தான், தனி கிராபிக்ஸ் அட்டையை இயக்கும் டிரைவர் மென்பொருளை நிறுவியவனும் நான்தான். செக்யூர் பூட் (நம்பகமான ஒப்பம் இல்லாத மென்பொருளைக் கணினி தொடங்கும்போதே தடுக்கும் பாதுகாப்பு) இயங்கும் கணினியில் அந்த டிரைவரை நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்பதும், மறுதொடக்கத்தின்போது நீலத்திரை ஒன்று வருவதும் இங்குள்ள எல்லோருக்கும் தெரிந்ததே. அந்த நீலத்திரை என் கண்முன்னால்தான் வந்தது. ஏதேனும் ஒரு விசையை அழுத்தச் சொல்லும் வரிக்குக் கீழே பத்து, ஒன்பது, எட்டு என்று எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. ஏதோ சோதனை நடக்கிறது, தானாக முடிந்துவிடும் என்று எண்ணிக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண் தீர்ந்தது, வழக்கமான திரை வந்தது, வேலை முடிந்தது என்று கணினியை அவளிடம் கொடுத்துவிட்டேன்.

மூன்று வாரம் எந்தக் குறையும் தெரியவில்லை. செயலியோடு (சிபியு) சேர்ந்த கிராபிக்ஸே திரைக்குப் படம் கொடுத்துக்கொண்டிருந்ததால், தனி அட்டை செத்துக் கிடந்ததை நாங்கள் அறியவே இல்லை. அந்த மாடலில் எச்டிஎம்ஐ துளை தனி அட்டையோடு மட்டும் இணைந்திருக்கிறது என்பது, தேர்வறைப் புரொஜெக்டரில் ‘சிக்னல் இல்லை’ என்று வந்தபோதுதான் வெளிப்பட்டது. “அண்ணா, மூணு கேபிள் மாத்திப் பாத்துட்டேன், எதுவுமே வரல” என்று அவள் தாழ்ந்த குரலில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. கட்டளை இடும் டெர்மினலில் அந்த டிரைவரின் மாட்யூலை (லினக்சின் மையமான கெர்னலோடு இணையும் துண்டை) ஏற்றச் சொன்னேன். சாவி நிராகரிக்கப்பட்டது என்ற பிழைச் செய்தியை, பின்னால் மூன்று தேர்வாளர்கள் காத்திருக்க, அவள் எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டினாள். கணினியின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயாசுக்குள் போய் செக்யூர் பூட்டை அணைக்கச் சொன்னேன். அணைத்ததும் படம் வந்துவிட்டது. ஆனால் அதற்குள் இருபது நிமிடம் போயிருந்தது.

காவிரிப்பெண்

என்னுடையது உறக்கம் சார்ந்த சிக்கல். திருச்சியிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் புறப்படும் முன் மூடியை மூடி, கணினியைப் பையில் வைத்தேன். தாம்பரம் தாண்டியபோது பையின் அடிப்பக்கம் மடியைச் சுட்டது. திறந்து பார்த்தால் விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. நூறு விழுக்காடு சார்ஜோடு வைத்த பேட்டரியில் நான்கு விழுக்காடுதான் மிச்சம். கை வைக்க முடியாத அந்தச் சூட்டில் எட்டு மாதப் பாடக்குறிப்புகள் இருந்தன. அன்று எனக்கு வந்த பயம் எளிதில் போகவில்லை.

பழைய கணினிகளில் இருந்த எஸ்-3 உறக்கத்தில், நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் போகும், மற்ற எல்லாம் அணைந்துவிடும். என் கணினியின் பயாசில் அந்த வசதியே இல்லை. கெர்னலிடம் கேட்டால் எஸ்2-ஐடில் என்ற ஒரே வகையைத்தான் காட்டியது. இந்த வகையில் செயலி அணைவதில்லை, மிக ஆழ்ந்த ஓய்வுக்குப் போகிறது, அவ்வளவே. ஏதாவது ஒரு சாதனம் தட்டினால் எழுந்துவிடும். வீட்டுக்கு வந்து முந்தைய பூட்டின் கெர்னல் பதிவை எடுத்துப் பார்த்தபோது, உறக்கத்துக்குள் நுழைந்தேன், வெளியே வந்தேன் என்று அந்த ஆறு மணி நேரத்தில் நாற்பத்தொரு முறை எழுதியிருந்தது. அதே பையில் கம்பியில்லா மவுசையும் அணைக்காமல் போட்டிருந்தேன், அதன் யுஎஸ்பி ரிசீவர் கணினியிலேயே செருகியிருந்தது. பேருந்து ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கியபோதும் மவுஸ் அசைந்திருக்கிறது, கணினி விழித்திருக்கிறது, மூடி மூடியிருப்பதைக் கண்டு மறுபடி உறங்கியிருக்கிறது. அந்த ரிசீவருக்கு எழுப்பும் உரிமையை நிறுத்திய பின்பு சிக்கல் இல்லை. இருந்தாலும் இப்போதெல்லாம் பயணம் என்றால் முழுதாக அணைத்துவிட்டுத்தான் பையைத் தொடுகிறேன்.

பழைய கணக்கர்

வைகைக்கரை அவர்களே, உங்கள் தங்கைக்கு நேர்ந்ததைப் படித்து வருந்தினேன். ஆனால் செக்யூர் பூட்டை அணைக்கச் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. நானும் ஒருமுறை அப்படிச் செய்தேன். அந்தக் கணினியில் விண்டோசும் இருந்தது, அதன் வட்டு பிட்லாக்கர் என்ற விண்டோஸ் மறையாக்க வசதியால் பூட்டப்பட்டிருந்தது. மறுநாள் விண்டோசுக்குள் போக முயன்றால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது. மார்ச் 30-ஆம் தேதி, கணக்கு முடிக்கும் நேரம், எண் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

அது பழுதல்ல என்பது பிறகுதான் புரிந்தது. வட்டின் சாவி டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லில் செக்யூர் பூட்டின் நிலையோடு சேர்த்து முத்திரையிடப்பட்டிருக்கிறது. நிலை மாறினால் சாவி வெளியே வராது. ஆகவே இரண்டு இயங்குதளமும் வைத்திருப்பவர்கள் பயாசில் கை வைக்கும் முன் அந்த 48 இலக்கத்தைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். லினக்ஸ் நிறுவும்போது எஸ்எஸ்டி வட்டு தெரியவில்லை என்று, வட்டை அணுகும் முறையைப் பயாசில் ரெயிட் நிலையிலிருந்து ஏஎச்சிஐ நிலைக்கு மாற்றுவோருக்கும் இதையே சொல்வேன். அவர்கள் கூடுதலாக, மாற்றுவதற்கு முன்பே விண்டோசைச் சேஃப் மோடில் (அடிப்படை டிரைவர்களோடு மட்டும்) எழும்படி அமைத்துவிட்டு வர வேண்டும். இல்லையென்றால் அது எழும்பாமல் போகக்கூடும்.

உங்கள் தங்கையின் கணினிக்குச் சரியான தீர்வு சாவியைப் பதிவதே. டிரைவரை உபுண்டு உங்கள் கணினியிலேயே கட்டி, அங்கேயே உருவாக்கிய சாவியால் ஒப்பமிடுகிறது. அந்தச் சாவியைக் கணினியைத் தொடங்கும் மென்பொருள் நம்ப வேண்டுமென்றால், கணினியின் முன் உட்கார்ந்திருக்கும் ஒருவர் கையால் சம்மதம் தர வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பத்து விநாடி. தவறவிட்டால் விண்ணப்பம் அழிந்துவிடும், அடுத்த முறை நீலத்திரை வராது. டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி போட வேண்டியதில்லை, எம்ஓகே-யுடில் என்ற கருவியால் அதே சாவியை மீண்டும் விண்ணப்பித்தால் போதும். கடவுச்சொல்லை வெறும் எண்களாக வையுங்கள், ஏனெனில் அந்த நீலத்திரை உங்கள் விசைப்பலகை அமைப்பை அறியாது, அமெரிக்க அமைப்பையே கொள்ளும். மறுதொடக்கத்தில் ஏதாவது விசையை அழுத்தி, பட்டியலில் இரண்டாவதாக இருக்கும் ‘என்ரோல் எம்ஓகே’ (சாவியைப் பதி) என்பதைத் தேர்ந்து, அதே எண்களை இடுங்கள். முதலாவதாக இருப்பது பூட்டைத் தொடரும் வரி, பழக்கத்தில் என்டரைத் தட்டினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பதிந்த பிறகு செக்யூர் பூட்டை இயக்குங்கள். கெர்னல் புதுப்பிப்பு வரும்போதெல்லாம் அதே சாவியாலேயே ஒப்பமிடப்படும், திரும்பக் கேட்காது.

மொட்டைமாடி

என் கதை சிறியது. ஃபெடோரா என்ற லினக்ஸ் பதிப்பைப் போட்டேன், வைஃபை இல்லை. கம்பியில்லாச் சாதனங்களின் தடையைக் காட்டும் ஆர்எஃப்கில் கருவியில் பார்த்தால், மென்பொருள் தடை இல்லை, வன்பொருள் தடை உண்டு என்று காட்டியது. வன்பொருள் தடை என்றால் கணினியின் உடம்பில் எங்கோ ஒரு சுவிட்ச் இருக்க வேண்டும் என்றே பொருள் கொண்டேன். கைபேசி வெளிச்சத்தில் நான்கு பக்கமும் தடவிப் பார்த்தேன். அடிமூடியின் பத்துத் திருகுகளையும் கழற்றிப் பார்த்தேன். அப்படி ஒரு சுவிட்ச் அந்த மாடலில் கிடையவே கிடையாது. அந்த வகை மடிக்கணினிகளுக்கென்று கெர்னலில் உள்ள மாட்யூல், இல்லாத சுவிட்ச் அணைந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. மாட்யூலை நீக்கிய மறுநொடி அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. அது இனி ஏறாதபடி அதைக் கருப்புப்பட்டியலில் சேர்த்துவிட்டேன். நான் திருகுகளைக் கழற்றிக்கொண்டிருந்த அந்த இரண்டு மணி நேரமும் கைபேசியை யுஎஸ்பியில் இணைத்து நெட் எடுத்திருக்கலாம் என்பதும் அப்போது தோன்றவில்லை.

பனைநிழல்

மொட்டைமாடி, தம்பி, அந்த மாட்யூல் வைஃபை தடைக்காக மட்டும் இருப்பதல்ல. எஃப்என் விசைகளில் சிலவும், பேட்டரியை முழுதும் ஏற்றாமல் பாதியளவில் நிறுத்திக் காக்கும் வசதியும் அதன் வழியாகத்தான் வேலை செய்கின்றன. கருப்புப்பட்டியலில் போட்டால் அவையும் போய்விடும். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் அம்மாவின் கணினி.

அம்மா யாழ்ப்பாணத்தில் இருக்கிறா, என் தம்பி டொரண்டோவில். அவனோடு காணொலியில் பேச அவவுக்காக டெபியன் 11 என்ற லினக்ஸ் பதிப்பைப் போட்டுக் கொடுத்தேன். ஒலி வரவில்லை, அமைப்புகளில் வெறும் ‘டம்மி அவுட்புட்’ என்று காட்டியது. தேடியதில், ஒலிச் சில்லைப் பழைய முறை டிரைவரில் ஓட்டும்படி ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். சேர்த்தேன், பாட்டுக் கேட்டது, மிகுந்த மகிழ்ச்சியோடு கொழும்புக்குத் திரும்பிவிட்டேன். ஆனால் இவ்வகைக் கணினிகளில் உள்ளே இருக்கும் மைக், ஒலிச் சில்லின் சிறு செயலியோடு நேரே இணைந்தது, பழைய டிரைவருக்கு அது தென்படாது. இரண்டு கிழமை அம்மா தம்பியின் முகத்தைப் பார்த்து, அவன் சொல்வதை எல்லாம் கேட்டு, பதிலும் சொல்லியிருக்கிறா. அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவன் கையால் சைகை காட்டியதைப் பார்த்து, தனக்குத்தான் காது மந்தமாகிவிட்டது என்று அவ நினைத்திருக்கிறா.

கடைசியில் தேவைப்பட்டது அந்தச் சிறு செயலிக்கான ஃபர்ம்வேர் (சில்லுக்குள் ஓடும் மென்பொருள்) கோப்பு ஒன்றே. எஸ்ஓஎஃப் என்ற பெயரில் தனிப் பொதியாக இருந்தது. கட்டற்ற மென்பொருள் அல்லாதவற்றை டெபியன் வைக்கும் தனிப் பிரிவில் இருந்ததால் நிறுவும்போது வரவில்லை. 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து, 2023 ஜூனில் வெளியான 12-ஆம் பதிப்பிலிருந்து இத்தகைய ஃபர்ம்வேர்களை நிறுவியோடு சேர்த்தே தருகிறார்கள். கட்டற்றதை மட்டும் தரும் கொள்கை வழுவிவிட்டது என்று அப்போது வருந்தியவர்கள் உண்டு, அவர்களை மதிக்கிறேன். ஆனால் அந்த வாக்களிப்பு 11-ஆம் பதிப்புக்கு முன்பே நடந்திருந்தால் என் அம்மா தன் காதைச் சந்தேகித்திருக்க மாட்டா.

வைகைக்கரை

கணக்கர் ஐயா, சொன்னபடி செய்தேன். கணினியில் விண்டோஸ் இல்லாததால் அன்று தப்பித்திருக்கிறோம். சாவியை மறுபடி விண்ணப்பித்து, மறுதொடக்கத்தின்போது தங்கையையே முன்னால் உட்கார வைத்தேன். எட்டு என்ற எண்ணிலேயே விசையை அழுத்திவிட்டாள். செக்யூர் பூட்டை இயக்கிய பிறகும் மாட்யூல் ஏறியது, வீட்டுத் தொலைக்காட்சியில் எச்டிஎம்ஐ வழியாகப் படம் வந்தது. யுஎஸ்பி-சி துளை செயலியின் கிராபிக்சோடு இணைந்திருப்பதையும் அப்போதுதான் கண்டோம். அதற்கென ஒரு மாற்றி வாங்கித் தன் பையில் வைத்திருக்கிறாள்.