வாலில்லா கிளைடர்: சரிவில் நடந்த, இன்னும் மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

சரிவுக்காரன் (கார்டிஃப்)

தெற்கு வேல்ஸில் புல்க் கணவாய்க்குப் போனவர்களுக்கு அந்தக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. என்னுடையது ரேடியோவில் ஓட்டும் 48 அங்குல ஈபிபி (ஒரு வகை நுரை) விங், இறக்கை மட்டுமே உள்ள மாடல் கிளைடர், சூடாக்கிய கம்பியில் நானே வெட்டியது. முகட்டுக்கு இணையாக ஓட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு பஸர்ட் பருந்து வந்தது. அவை கூடவே பறக்க வருவது வழக்கம்தான். இது காலைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தது. நகங்கள் விரிந்திருந்தது நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. விலகிப் போகட்டும் என்று எலிவானை (பின்விளிம்பில் அசையும் மடிப்பை) முழுக்க மேலே இழுத்தேன். விங் செங்குத்தாக ஏறி, அப்படியே நின்று, பின்பக்கமாகச் சறுக்கியது.

அப்புறம் உருள ஆரம்பித்தது. பக்கவாட்டில் இல்லை, குட்டிக்கரணம். மூக்கு, பின்விளிம்பு, மூக்கு, பின்விளிம்பு. மேல்பக்கத்து மஞ்சளும் அடிப்பக்கத்துக் கறுப்பும் மாறி மாறித் தெரிந்துகொண்டே கீழே போனது. ஸ்டிக்கை எந்தப் பக்கம் தள்ளினாலும் கேட்கவில்லை. கையை எடுத்துவிட்டேன். சட்டென்று உருளுவது நின்றது, மூக்கு கீழே போய் வேகம் பிடித்து, புதர்களுக்குக் கொஞ்சம் மேலே நிமிர்ந்து பறந்தது.

நான் கையை எடுத்ததால் நின்றதா, எப்படியும் நின்றிருக்குமா? இதைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

மேற்குக்காற்று (சான் டியேகோ)

உருளலை நான் பார்த்ததில்லை. என்னை விடாத சங்கதி வேறு. டோரி பைன்ஸ் பாறை விளிம்பு, மதியத்துக்கு மேல் கடலிலிருந்து வரும் மேற்குக் காற்று. பாராகிளைடர்களும் ஹேங் கிளைடர்களும் பறக்கிற அதே லிஃப்டில், பாறையில் மோதி மேலெழும் காற்றில்தான் நாமும் பறக்கிறோம், ஆள் இருக்கிற விமானத்துக்கு எப்போதும் நாம்தான் வழிவிட வேண்டும். தெற்கே இருந்து ஒரு பாராகிளைடர் விளிம்பை ஒட்டித் தாழ்வாக வந்தார். நான் விங்கைக் கடல் பக்கம் தள்ளிவிட்டேன்.

தூரம் போனதும் அது வெறும் கோடு ஆகிவிட்டது. வால் இருந்தால் எந்தப் பக்கம் முகம், எந்தப் பக்கம் பின் என்று தெரியும். இதில் என்ன தெரியும்? வலது கொடுத்துப் பார்த்தேன். கோட்டின் இடது முனை தாழ்ந்தது. அப்படியென்றால் என்னை நோக்கி வந்துகொண்டிருக்கிறது, நடுவில் அவர். மூக்கை அழுத்திக் கீழே இறக்கினேன். விங் அவருடைய காலுக்கு அடியில் போய், பாறை விளிம்புக்குக் கீழே மறைந்தது. அவருடைய ஷூவின் அடிப்பாகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பழுப்பு நிறம், குதிகால் தேய்ந்திருந்தது. அவர் எனக்குக் கையசைத்துவிட்டுப் போனார். அடியில் என்ன போனது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. விங் வடக்கே தள்ளி விளிம்புக்கு மேலே எழும்பி வந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஈபிபி_பித்தன்

சரிவுக்காரன் சகோ, அது சிஜி (எடை மையம்) பின்னால் இருந்ததன் அடையாளம். பருந்தைக் குற்றம் சொல்லாதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாகக் கட்டுகிற எல்லாரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

பின்னால் சாய்ந்த விங்கில் முனைகள் சிஜிக்குப் பின்னால் இருக்கின்றன. முனை முதலில் ஸ்டால் ஆனால் (காற்று இறக்கையை விட்டுப் பிரிந்தால்) பின்பக்கத்தில் தாங்கிக்கொண்டிருந்த தூக்கு விசை போய்விடும், மூக்கு இன்னும் மேலே எழும். வால் இருக்கிற விமானத்தில் மூக்கைத் திரும்ப இறக்க நீளமான ஒரு கை இருக்கிறது. இங்கே அந்தக் கை குட்டை. அதனால்தான் சிஜி 3 மில்லிமீட்டர் நகர்ந்தாலே பறப்பது வேறு மாதிரி ஆகிவிடுகிறது. சராசரி கார்டில் (இறக்கையின் முன்பின் அகலத்தில்) முன்னாலிருந்து கால் பங்குக்கு அருகில் நியூட்ரல் பாயிண்ட், அதாவது சிஜி தாண்டிப் பின்னால் போகக் கூடாத புள்ளி, வரும். சிஜி அதற்கு முன்னால், சுமார் 20 சதவீதத்தில் இருக்கட்டும். எல்லாம் ஒட்டி முடித்து, பேட்டரி, ரிசீவர் வைத்த பிறகு பாருங்கள். ஸ்ட்ராப்பிங் டேப்பின் எடையில் பாதிக்கு மேல் பின்பக்கம்தான் போய்ச் சேரும், முதலில் பார்த்த கணக்கு அதற்கப்புறம் செல்லாது.

அடுத்தது ரிஃப்ளெக்ஸ். நேராகப் பறக்கையில் எலிவான் இரண்டும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மேலே நிற்க வேண்டும். அதிகம் தேவைப்பட்டால் மூக்கு கனம். உயரத்தில் மூக்கை இறக்கிவிட்டு ஸ்டிக்கை விடுங்கள். மெதுவாக நிமிர்ந்தால் சரி. இன்னும் உள்ளே மடிந்தால் ஈயத்தை முன்னால் கொண்டுபோங்கள். சர்வோ (எலிவானை அசைக்கும் சின்ன மோட்டார்) நடுவுக்குச் சரியாகத் திரும்புகிறதா என்பதையும் பாருங்கள். வால் வைத்த விமானத்தில் கவனிக்காமல் விடுகிற அரை மில்லிமீட்டர் ஆட்டம் இதில் மூக்கை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். டேப் ஒட்டும் முன் நுரையில் ஸ்ப்ரே பசையை லேசாகப் பனி மாதிரி அடித்துக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் ஈரப் புல்லில் ஒருமுறை இறங்கினாலே உரிந்துவிடும்.

மேற்குக்காற்று, அடியில் குறுக்குப் பட்டை போடுங்கள், ஒரு முனைக்கு மட்டும் வேறு நிறம்.

என் கதை சின்னது. பனிமூட்டத்தில் ஒரு விங் காணாமல் போனது. சர்வோ சத்தத்தை வைத்துப் புல்லுக்குள் தேடி எடுத்தேன்.

சரிவுக்காரன் (கார்டிஃப்)

பித்தன் அண்ணே, பேட்டரி வைத்துத்தான் பார்த்தேன், டைவ் சோதனையும் செய்தேன், மெதுவாக நிமிர்ந்தது. உருள ஆரம்பித்தது ஏன் என்று நான் கேட்கவில்லை. வேகமே இல்லாமல் பின்னால் சறுக்கினால் எந்த விங்கும் உருளலாம். நின்றது ஏன் என்றுதான் கேட்டேன்.

ரோன்மலை (ஃபுல்டா)

எனக்குத் தெரிந்தவரை, எலிவான் முழுக்க மேலே இருக்கும்வரை அதுவே உருளலுக்குத் தீனி போடும். நடுவுக்கு வந்ததும் தீனி நின்றுவிடும், சிஜி முன்னால் இருந்தால் மூக்கு கீழே தேடும். ஆகவே கையை எடுத்தது உதவியிருக்க வேண்டும்.

என் அனுபவம் ஜெர்மனியின் வாசர்குப்பேயில். 950 மீட்டர் உயரம், 1920இல் ரோன் கிளைடர் போட்டிகள் தொடங்கிய மலை. விமான வடிவமைப்பாளர் லிப்பிஷ் வாலில்லா கிளைடர்களைச் சோதித்ததும் அங்கேதான். அங்கே ஒரு பெரியவர் ஹோர்ட்டன் சகோதரர்களின் வாலில்லா கிளைடர் பாணியில் ஒரு மர விங்கைப் பெட்டியிலிருந்து எடுத்தார். ஃபின் (செங்குத்தான துடுப்பு) இல்லை, ரட்டர் (மூக்கை இடவலம் திருப்பும் மடிப்பு) இல்லை. என்னைக் கூப்பிட்டு, விங்கை மூக்குப் பக்கமாக என் கண்ணுக்கு நேரே பிடித்தார். நடுவிலிருந்து முனை போகப் போகப் பின்விளிம்பு மேலே திருகிக்கொண்டே போனது. நேர்கோடாகத் திருகவில்லை, கடைசிப் பகுதியில்தான் அதிகம். பிறகு காற்றில் விட்டார். வலப்பக்கம் சாய்ந்ததும் மூக்கும் வலப்பக்கமே போனது!

இதை நான் நேரில் பார்க்காமல் நம்பியிருக்க மாட்டேன். சாதாரண விங்கில் வலது கொடுத்தால், மேலே போகிற இடது பக்கத்து இழுவையால் மூக்கு முதலில் இடது பக்கம் போகும். அதற்குத்தான் ஃபின். ரைமார் ஹோர்ட்டன் பிடித்துக்கொண்ட மணி வடிவத் தூக்குப் பங்கீட்டில் (நடுவில் தூக்கு அதிகம், முனை போகப் போகக் குறைவு) முனைகள் தூக்குவதை விட்டுவிட்டு முன்னால் இழுக்கின்றன. காற்றியக்க அறிஞர் பிராண்ட்டில் 1933இல் எழுதிய கணக்கு இது. நாசாவில் ஆல்பியன் பவர்ஸ் குழு பிராண்ட்டில்-டி கிளைடர்களில் இதையே பறக்கவிட்டுக் காட்டியது. அன்றிலிருந்து என் விங்கின் ஃபின்களைப் பார்க்கும்போதெல்லாம் இது எதற்கு என்று தோன்றுகிறது.

மோதல்மன்னன்

ரோன்மலை ஐயா, அழகாகச் சொன்னீர்கள், ஆனால் ஃபின் எதற்கு என்று கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தத் திருகல் ஒரே வேகத்துக்குத்தான் சரியாக இருக்கும். ஸாகி என்ற நுரை விங் மாடல் வந்த காலத்திலிருந்து நாங்கள் சரிவில் செய்வது மோதல். ஈபிபி அடிபட்டால் உடையாது, தரையைத் தொட்டவர் தோற்றார், அவ்வளவுதான். அங்கே ஒரு வேகம் என்று எதுவும் கிடையாது.

ஒரு மோதலில் என் இடது ஃபின் பிய்ந்து போனது. சத்தம் முதலில் வரவில்லை. ஃபின் தனியாகச் சுழன்று இறங்குவதைப் பார்த்த பிறகுதான் ‘தப்’ என்று காதில் விழுந்தது. விங் பறந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் மிச்சமிருந்த வலது ஃபினின் இழுவையில் மூக்கு வலப்பக்கமே போய்க்கொண்டிருந்தது, டிரிம் (ஸ்டிக்கைத் தொடாமலே நிற்கும் திருத்தம்) முழுக்க இடது கொடுத்தும் நண்டு மாதிரிதான் வந்தது. வேகம் குறைத்தால் மூக்கு இரண்டு பக்கமும் அலைந்தது. இறக்கிப் பார்த்தால் ஃபின் ஒட்டியிருந்த இடத்து நுரை ஒரு உள்ளங்கை அளவு அதோடு போயிருந்தது. இப்போது ஃபினை நுரையில் ஒட்டுவதில்லை, முனையில் மெல்லிய பிளைவுட் தகடு வைத்து அதில் நைலான் போல்ட் போட்டு முடுக்குகிறேன். அடி பட்டால் போல்ட் அறுந்து ஃபின் மட்டும் போகும், நுரை பிழைக்கும். உதிரி ஃபின் இரண்டு பையில் இருந்தால் அடுத்த சுற்றுக்கு அங்கேயே மாட்டிக்கொள்ளலாம்.